செம்மாடக் கனவின் ஆசிரியர்

சீன தேசத்துப் பேரிலக்கியங்களுள் முதன்மையானதென்று அந்நாட்டார் போற்றும் ‘செம்மாடக் கனவு’ என்னும் நாவலை இயற்றியவர் த்ஸாவ் ஷுவேச்சின் என்பார். அவருடைய வரலாற்றை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம். காண்பதெல்லாம் மெய்தானா, மெய்யென்று மனம் பற்றிக்கொள்வதே மயக்கமா என்னும் வினா, தருமம் பயில்வோர் எவர்க்கும் புதிதன்று. வசுபந்துவும் திக்நாகரும் அதனைத் தருக்க நூல்களில் வைத்து ஆராய்ந்தனர். ஷுவேச்சினோ அதனை ஒரு பெருங்குடும்பத்தின் சமையற்கட்டிலும், பூந்தோட்டத்திலும், பணிப்பெண்கள் உறங்கும் தாழ்வாரத்திலும் வைத்துக் கதையாக்கினார். அக்கதைக்குக் கருப்பொருள் அவருடைய சொந்த வாழ்வே ஆகும். ஆதலின் வாழ்வை முதலிற் கூறுவோம்.

அவருடைய இயற்பெயர் ஜான். ஷுவேச்சின் என்பது பின்னாளில் அவரே சூடிக்கொண்டது. பனியில் முளைத்த கீரை என்று பொருள்படும். முத்தென்றும் மணியென்றும் பெயர் சூடிக்கொள்ளும் உலகில் ஒரு கீரையின் பெயரை விரும்பி ஏற்றவரை நாம் முதற் பார்வையிலேயே சற்று அறிந்துகொள்கிறோம்.

த்ஸாவ் குடும்பத்தார் சீன மரபினர். 17 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மஞ்சூரியப் படைகள் வடகிழக்கு நிலங்களைக் கைப்பற்றியபோது இவர்களுடைய முன்னோர் சிறைப்பட்டனர். சிறைப்பட்டோரை மஞ்சூரியர் தம் எண்கொடிப் படைகளுக்குப் பங்கிட்டுப் பரம்பரை அடிமைகளாக்கினர். வீட்டுக்குரியவர் என்னும் பொருள்பட அவர்களுக்கு ஒரு பெயரும் இருந்தது. தந்தை அடிமையாயின் மகனும் அடிமை. அவன் மகனும் அடிமை. பிறப்பினால் வந்து ஒட்டிக்கொள்ளும் இழிவு இன்னதென்பதை நம் வாசகர்க்கு நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1644 இல் மஞ்சூரியர் சீனத்தின் அரியணை ஏறினர். த்ஸாவ் குடும்பத்தார் இருந்த வெண்கொடிப் பிரிவு பின்பு சக்கரவர்த்தியின் நேர் ஆட்சிக்குள் வந்தது. எனவே அவர்கள் சக்கரவர்த்தியின் சொந்த அடிமைகளாயினர். அடிமைத்தனம் நீங்கவில்லை, ஆனால் அதன்மேல் பொன் முலாம் ஏறியது.

அம்முலாம் மிகக் கனமானது. ஷுவேச்சினின் கொள்ளுப்பாட்டனார் த்ஸாவ் ஷீ 1663 இல் நான்கிங் நகரத்து அரசாங்கப் பட்டுச் சாலையின் தலைவராக அனுப்பப்பட்டார். அரண்மனைக்கு வேண்டிய பட்டாடைகளை நெய்வித்து அனுப்புவது அவர் பணி. அவர் மனைவியார் காங்ஷி சக்கரவர்த்தியைச் சிறுபிள்ளையாக இருந்தபோது வளர்த்த செவிலித்தாய். பிற்காலத்தில் தெற்கே வந்த சக்கரவர்த்தி அம்மூதாட்டியைக் கண்டு தம் வீட்டு முதியவர் என்று பெருமைப்படுத்தித் தம் கையாலேயே பெயர்ப்பலகை எழுதிக் கொடுத்தார். அவர்களுடைய மகன் த்ஸாவ் யின், நம் ஆசிரியரின் பாட்டனார், பட்டுச் சாலையோடு உப்பு வாணிகக் கண்காணிப்பும் பெற்றார். கவிஞர், நூல் தொகுப்பவர், நாடகப் பிரியர். தாங் அரச மரபின் காலத்துக் கவிதைகள் அனைத்தையும், ஏறத்தாழ 49,000 பாடல்களை, 900 பகுதிகளாகத் தொகுத்து அச்சேற்றும் பெரும்பணியை 1705 இல் சக்கரவர்த்தி அவரிடமே ஒப்படைத்தார். தென்னாட்டு நிலவரங்களை மறைவாக எழுதி அனுப்பும் பொறுப்பும் அவருக்கு இருந்தது. சக்கரவர்த்தியின் கண்ணாக இருந்தவர் என்று சொல்லலாம்.

காங்ஷி ஆறு முறை தெற்கே உலா வந்தார். அவற்றுள் நான்கு முறை அவரை வரவேற்று விருந்தோம்பியவர் த்ஸாவ் யின். அரசர் ஒருவரைத் தம் மனையில் தங்கவைப்பது எத்துணைப் பெருமையோ அத்துணைப் பெருங்கேடு. அரண்மனையின் பணத்தை அரண்மனைக்கே செலவிட்டுக் கணக்கில் ஓட்டை விழச் செய்தார் அவர். 1712 இல் அவர் மலேரியாக் காய்ச்சலில் வீழ்ந்தபோது சக்கரவர்த்தி விரைவுக் குதிரைகளில் மருந்து அனுப்பினார். மருந்து வந்து சேருமுன் உயிர் பிரிந்தது. கடன் பிரியவில்லை.

அவருடைய ஒரே மகன் யோங் 1715 இல் இளமையிலேயே இறந்தார். குடும்பம் அழிந்துவிடலாகாதென்று சக்கரவர்த்தியே தலையிட்டு, உறவினரான த்ஸாவ் பூ என்பவரைத் தத்துப்பிள்ளையாக்கிப் பதவியையும் அளித்தார். அவ்வாண்டையொட்டிப் பிறந்த நம் ஆசிரியர் இவ்விருவருள் ஒருவரின் மகன்.

இவ்வாறு பிறந்த பிள்ளையின் கண்ணுக்கு உலகம் எப்படித் தோன்றியிருக்கும்? பட்டுச் சாலை, தறிகளின் ஓசை, நாடகக் குழுக்கள், நூல்கள் நிறைந்த அறைகள், ஏவலுக்கு நூற்றுக்கு மேற்பட்டோர். இவையாவும் என்றும் இருப்பவை என்றே தோன்றியிருக்கும். ஆனால் அவை நின்றதோ ஒரே ஒரு மனிதரின் தயவின்மேல். 1722 இல் காங்ஷி காலமானார். அவர் மகன் யோங்செங் அரியணை ஏறிப் பழைய கடன்களைக் கடுமையாகக் கேட்கலானார். 1728 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் த்ஸாவ் பூ பதவி நீக்கப்பட்டார், வீடு முத்திரையிடப்பட்டது.

அன்று எடுத்த கணக்கு இன்றும் கிடைக்கின்றது. வீடுகள் 13 இடங்களில், அறைகள் 483. வேலையாட்கள் ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாக 114 பேர். உள்ளே சென்று பார்த்தால் மேசை, நாற்காலி, கட்டில், பழந்துணி. அவற்றோடு நூற்றுக்கு மேற்பட்ட அடகுச் சீட்டுகள். செல்வமென்று ஊரார் கண்டது அடகுச் சீட்டுகளின்மேல் போர்த்திய பட்டு! உடைமைகளும் வேலையாட்களும் புதிய அதிகாரிக்கு வழங்கப்பட்டனர். த்ஸாவ் யின்னின் கைம்பெண்ணான மனைவியார் உயிர் வாழும்பொருட்டுப் பீகிங் நகரில், இன்று பெய்ஜிங் எனப்படும் தலைநகரில், 17½ அறைகள் கொண்ட ஒரு மனையும் மூன்று இணை ஏவலரும் விடப்பட்டனர். தாமே அடிமைகளாக இருந்தோர் தமக்கென அடிமைகளை வைத்திருந்தனர் என்பதையும், வீழ்ந்த பின்னரும் மூன்று இணையரை உடன் வைத்துக்கொண்டனர் என்பதையும் நாம் மறைக்க வேண்டுவதில்லை. ஷுவேச்சினும் அதனைத் தம் நூலில் மறைக்கவில்லை.

அப்போது அவருக்குப் பதின்மூன்று வயதளவில் இருக்கும். 483 அறைகளிலிருந்து 17½ அறைகளுக்கு வந்து சேர்ந்தபின் அவர் பல ஆண்டுகள் என்ன செய்தார் என்பதற்குச் சான்றுகள் அருகியே உள்ளன. அரச குலத்தைச் சேர்ந்த துன்மின், துன்செங் என்னும் உடன்பிறந்தார் இருவர் அவருடைய நண்பராயினர். அவர்கள் பாடி வைத்த கவிதைகளாலேயே ஷுவேச்சினின் பிற்கால வாழ்வு நமக்குத் தெரிய வருகின்றது. பெய்ஜிங்கின் மேற்கே மலையடிவாரத்துச் சிற்றூரில் அவர் குடியிருந்தார். குடும்பம் முழுவதும் கஞ்சி குடித்துக் காலந்தள்ளியது. மது மட்டும் கடனுக்கு வந்தது. ஓவியம் வரைந்து விற்றுக் காசு பெற்றார். பாறைகளையும் கற்களையும் வரைவதில் வல்லவர். பேசத் தொடங்கினால் கேட்போர் நேரம் போவதறியார் என்பர்.

அவருடைய மதுப்பழக்கத்தை நாம் புகழ்வதற்கில்லை. ஐந்து சீலங்களுள் ஐந்தாவதை அவர் காத்தவரல்லர். ஆயினும் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லாமல் விடவும் மனமில்லை. 1762 ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் ஒரு விடியற்காலை. மழை, காற்று, குளிர். துன்மின்னின் தோட்டத்திற்கு ஷுவேச்சின் வந்திருந்தார். வீட்டுக்காரர் இன்னும் எழுந்து வரவில்லை. துன்செங்கும் அங்கு வந்து சேர்ந்தார். மது வேண்டித் தவித்த நண்பரைக் கண்டு, அரச குலத்தவரான துன்செங் தம் இடையிலிருந்த வாளைக் கழற்றிக் கொடுத்து மது வாங்கினார். மகிழ்ந்த ஷுவேச்சின் நன்றியாக ஒரு நெடும்பாடல் பாடினார். துன்செங் மறுமொழியாகப் பாடியது கிடைத்திருக்கின்றது. ஷுவேச்சினின் பாடல் மறைந்து போயிற்று.

இந்த வறுமைக்கு நடுவேதான் ‘செம்மாடக் கனவு’ எழுதப்பட்டது. பத்தாண்டுகள் உழைத்து ஐந்து முறை திருத்தியதாக நூலின் முதல் அத்தியாயமே கூறுகின்றது. நமக்குத் தெரிந்த மிகப் பழைய படியின் மூலம் 1754 ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

கதை வானத்தில் தொடங்குகின்றது. பிளவுபட்ட வானத்தைத் தெய்வ மகள் ஒருத்தி கற்களால் அடைக்கின்றாள். சமைத்த கற்கள் 36,501. ஒன்று மட்டும் எஞ்சிவிடுகின்றது. வேண்டாமென்று கழிக்கப்பட்ட அந்தக் கல் அறிவு பெற்றுத் தன் நிலையை நினைந்து அழுகின்றது. அவ்வழியே வந்த ஒரு பௌத்தத் துறவியும் ஒரு தாவோ துறவியும் அதனை மனித உலகுக்கு எடுத்துச் செல்கின்றனர். ஜியா என்னும் பெருங்குடும்பத்தில் ஒரு மகன் வாயில் ஒரு பச்சை மணிக்கல்லோடு பிறக்கின்றான். அவனே பாவ்யூ.

ஜியா என்னும் குலப்பெயர் சீன மொழியில் பொய் என்னும் சொல்லோடு ஒலியால் ஒத்தது. நூலில் ஜென் என்னும் மற்றொரு குடும்பமும் உண்டு. அப்பெயர் மெய் என்னும் சொல்லோடு ஒத்தது. அக்குடும்பத்திலும் பாவ்யூ என்றே ஒரு சிறுவன், இவனைப் போலவே முகமும் குணமும் உடையவன். கதை முழுவதும் பொய்க்குடும்பத்தில் நிகழ்கின்றது. மெய்க்குடும்பம் தொலைவில், செவிவழிச் செய்தியாக மட்டும் இருக்கின்றது. ஆனால் சக்கரவர்த்தியை நான்கு முறை வரவேற்றுப் பொன்னை மண்ணாய் இறைத்த குடும்பம் எது என்று ஒரு கிழச் செவிலி பேசுமிடத்தில், அவள் சுட்டுவது ஜென் குடும்பத்தையே. நான்கு முறை! தம் பாட்டனாரின் கதையை ஆசிரியர் மெய் என்னும் பெயருக்குள் ஒளித்து வைத்தார். அஃது எழுத்துக்காகத் தலை போன காலம் என்பதையும் நாம் மறக்கலாகாது. மெய்யைப் பொய்க்குள் மறைத்தது தத்துவம் மட்டுமன்று. அச்சமும் அதில் உண்டு.

பாவ்யூவின் அறையில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று நிற்கின்றது. லியூ என்னும் ஏழை உழவர் வீட்டுப் பாட்டி ஒருத்தி, விருந்தில் குடித்த மயக்கத்தில் வழி தவறி அவ்வறையில் நுழைகின்றாள். சிரித்து நிற்கும் ஒரு பெண்ணை நோக்கிச் சென்று தலையை முட்டிக்கொள்கின்றாள், அது சுவரோவியம். அடுத்துத் தலை நிறையப் பூச்சூடிய ஒரு கிழவி எதிரே வருவதைக் கண்டு நகைக்கின்றாள். பின்பு, செல்வர் வீட்டில் கண்ணாடி உண்டென்று கேள்விப்பட்டது நினைவுக்கு வரத் தன்னையே தான் கண்டதை உணர்கின்றாள். படித்த பிரபுக்கள் நூல் முழுவதும் அறிய முடியாததை எழுத்தறியாத அக்கிழவி ஒரு நொடியில் அறிந்துகொள்கின்றாள்!

அதே கண்ணாடியின் முன் பாவ்யூ ஒருநாள் உறங்குகின்றான். தன் தோட்டத்தைப் போன்ற ஒரு தோட்டம் கனவில் வருகின்றது. அங்கே தன்னைப் போன்ற ஒரு சிறுவன் படுத்திருக்கின்றான். அவனோ, தலைநகரில் ஒரு தோட்டத்துக்குப் போனதாகவும் அங்கே தன்னைப் போன்ற ஒருவன் உயிரற்ற தோற்பை போல் உறங்கக் கண்டதாகவும் தன் கனவைச் சொல்லிக்கொண்டிருக்கின்றான். எவன் கனவில் எவன்? விடை சொல்லாமலே ஆசிரியர் அத்தியாயத்தை நகர்த்திவிடுகின்றார்.

இன்னொரு கண்ணாடி இதைவிடக் கொடியது. காமநோயால் படுத்த படுக்கையான ஜியா ருயி என்னும் இளைஞனுக்கு ஒரு நொண்டித் துறவி அதனைக் கொடுத்து, பின்புறத்தை மட்டும் பார்க்குமாறு எச்சரிக்கின்றார். பின்புறத்தில் எலும்புக்கூடு தெரிகின்றது. அஞ்சி முன்புறத்தைத் திருப்பினால், அவன் விரும்பிய பெண் கைகாட்டி அழைக்கின்றாள். திரும்பத் திரும்ப அவளிடம் சென்று அவன் மடிகின்றான். பெரியோர் கண்ணாடியைத் தீயிலிட முனைகின்றனர். அப்போது கண்ணாடி தானே கதறுகின்றது: பொய்யை மெய்யென்று கொண்டவர்கள் தாங்களாயிருக்கத் தன்னை எரிப்பானேன் என்று. அசுப பாவனையைப் பயின்றோர் இக்காட்சியின் மூலம் எங்குள்ளதென்று உடனே கண்டுகொள்வர்.

ஆசிரியர்க்குப் பௌத்த சூத்திரங்களில் நல்ல பழக்கம் இருந்தது. உருவமும் சூனியமும் ஒன்றுக்கொன்று வேறன்று எனக் கூறும் பிரஜ்ஞாபாரமித இருதய சூத்திரத்தின் கருத்து நூலின் முதல் அத்தியாயத்திலேயே வருகின்றது. காஞ்சிமாநகருக்கு வந்து சென்ற யுவான் சுவாங், தாயகம் திரும்பியபின் 649 இல் மொழிபெயர்த்த அச்சூத்திரமே சீனத்தில் வீடுதோறும் ஓதப்பட்டது. பாவ்யூ ஞானம் பெற்றுவிட்டதாகச் செருக்கி ஒரு பாட்டெழுதும்போது, அவன் உறவுப் பெண்கள் இருவர் அவனை வினாக்களால் மடக்கி, ஆறாம் ஆசாரியர் ஹுயிநெங்கின் கதையைச் சொல்கின்றனர். ஹுயிநெங் விறகு விற்றவர், எழுத்தறியாதவர், தெற்கத்திக் காட்டான் என்று இகழப்பட்டு மடத்தில் நெல் குற்றியவர். தென்னிந்தியர் எனச் சீன நூல்கள் கூறும் போதிதருமரின் வழிவந்த பட்டம் படித்த தலைமைச் சீடரைக் கடந்து அவருக்கே சென்றது. ஆனால் துறவு வேடத்திற்கு ஷுவேச்சின் சலுகை காட்டுபவரல்லர். பிக்குணி ஒருத்தி தரகு பேச, 3,000 வெள்ளி கைமாறி, அதனால் இரண்டு இளம் உயிர்கள் மாய்வதையும் அவரே எழுதுகின்றார்.

உலகம் வெறும் மாயை, ஆதலால் எதற்கும் மதிப்பில்லை என்பதே இந்நூலின் முடிவு எனச் சிலர் கூறுவர். நாம் அதனை ஏற்பதற்கில்லை. சூனியம் என்பது இன்மையன்று. சார்பினால் தோன்றுவன சார்பு நீங்க மறையும் என்பதே அதன் பொருள். அதனை அறிந்தவர் மறைவனவற்றை வெறுப்பதில்லை. தாம் பயனற்றவராய்க் கழிந்தாலும், தாம் இளமையில் கண்ட பெண்கள் தம்மினும் உயர்ந்தோர் என்றும், தம் குற்றங்களை மறைப்பதற்காக அவர்களும் மறைந்துபோக விடலாகாதென்றும் நூலின் வாயிலிலேயே காரணம் கூறுகின்றார். நூலில் நூற்றுக்கணக்கான மாந்தர் வருகின்றனர்; விலைக்கு வாங்கப்பட்ட பணிப்பெண்களும் பெயரோடும் குணத்தோடும் வருகின்றனர். பழி சுமத்தப்பட்டு நோயோடு துரத்தப்பட்ட சிங்வென் என்னும் பணிப்பெண் இறந்தபோது, பாவ்யூ அவளுக்கு அரசியருக்குரிய நடையில் நீண்ட இரங்கலுரை எழுதுகின்றான். தலைமுறை தலைமுறையாக அடிமையாயிருந்த ஒரு மூதாட்டி, விடுதலை பெற்று அதிகாரியான தன் பேரனைப் பார்த்து, அடிமை என்னும் சொல் எப்படி எழுதப்படுவதென்று அவன் அறியமாட்டான் என்று இடித்துரைக்கும் இடம் ஒன்றுண்டு. எழுதியவர் அச்சொல்லை எழுதத் தெரிந்தவர்.

துன்செங் வாளைக் கொடுத்த நாளுக்குப் பின் ஷுவேச்சின் நெடுநாள் வாழவில்லை. அவருடைய சிறுமகன் இறந்தான். சில திங்களுக்குள் அத்துயரத்தால் அவரும் நோயுற்றார்; மருந்துக்கு வழியில்லை. சீனப் புத்தாண்டுக்கு முன்னிரவில், 1763 பிப்ரவரியில் என ஒரு சாராரும் 1764 பிப்ரவரியில் என மற்றொரு சாராரும் கொள்வர், அவர் உயிர் நீங்கியது. மணந்து நெடுநாளாகாத மனைவி எஞ்சினார். நண்பர் சிலரே இறுதிக் கடன் செய்தனர்.

நூல் முற்றுப்பெறவில்லை. 80 அத்தியாயங்கள் கையெழுத்துப் படிகளாகப் பரவின. கோயில் சந்தைகளில் பெருவிலைக்கு விற்றன. 1791 இல் செங் வெய்யுவான், காவ் ஏ என்னும் இருவர் மேலும் 40 அத்தியாயங்களைச் சேர்த்து 120 ஆக அச்சிட்டனர். பழைய ஓலைக்கட்டுப் போலச் சிதறிக் கிடந்த படிகளைத் தேடி வாங்கியதாக அவர்கள் கூறினர். அந்த 40 யாருடையவை என்னும் வழக்கு இன்னும் தீரவில்லை. அவற்றில் பாவ்யூ துறவியாகின்றான். பனிப்பொழிவில் படகிலிருக்கும் தந்தையை வணங்கிவிட்டு இரு துறவியரோடு நடக்கின்றான். பின்னே ஓடிய தந்தையின் கண்ணுக்கு வெண்பரப்பு ஒன்றே எஞ்சுகின்றது. 19 ஆம் நூற்றாண்டில் இந்நூலை ஒழுக்கக் கேடென்று அதிகாரிகள் தடை செய்தனர். மக்கள் படித்துக்கொண்டே இருந்தனர். ஆசிரியர் யாரென்பதும் அவர் குடும்பக் கதையும் அறிஞர் ஹூ ஷி 1921 இல் வெளியிட்ட ஆராய்ச்சியால்தான் தெளிவாயின.

பழைய கையெழுத்துப் படிகளின் ஓரங்களில் ஷுவேச்சினை நேரில் அறிந்தோர் சிவப்பு மையால் குறிப்புகள் எழுதியிருக்கின்றனர். அவருள் முதியவர் ஒருவர் 1767 இல் எழுதிய குறிப்பால் ஒரு செய்தி தெரிகின்றது. குடும்பம் வீழ்ந்தபின் பாவ்யூ சிறைச்சாலைக் கோயிலில் கிடக்க, முன்னாள் பணிப்பெண்கள் அவனைத் தேடி வந்து ஆறுதல் கூறும் பகுதியை ஷுவேச்சின் எழுதி முடித்திருந்தார். அப்பகுதி உட்பட ஐந்தாறு அத்தியாயங்களைப் படிக்க இரவல் வாங்கிச் சென்ற யாரோ தொலைத்துவிட்டனர். அத்தாள்கள் இதுவரை கிடைக்கவில்லை.